குளிர்ந்த தட்டில் படித்த முடிவு

போன மாதம் தர்ஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நுவரெலியாவில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வுகூடத்தில் என் இடத்துக்கு வந்தவள் அவள்.

"அக்கா, எலைசா மெஷின் வந்துருச்சு! ஒரே மூச்சுல ஒரு பட்டி மாட்டோட ரத்தத்தையும் பாத்துடலாம். ஒங்க பழைய வெள்ளைத் தட்டையெல்லாம் ஸ்டோருக்கு அனுப்பிடவா?"

குரலில் அப்படியொரு சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"தாராளமா அனுப்பு. அதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லு. ஒங்க ரூம் இப்ப எத்தன பாகை?" என்று கேட்டேன்.

"ரூமா? ரூம் டெம்பரேச்சர்தான் அக்கா" என்றாள்.

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. போனை வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் பிறந்தது கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தேன். வீட்டில் எல்லாரும் டீச்சராகப் போகச் சொன்னார்கள். பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவதைவிட மாடுகள் மேல் என்று நினைத்து ஆய்வுகூடப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன். பயிற்சி முடிந்து வெள்ளைக் கோட்டோடு போய் நின்றபோது என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தவர் டொக்டர் யோகேஸ்வரி. சாவகச்சேரிக்காரர். நுவரெலியாக் குளிருக்கு இரண்டு சுவெட்டர் போட்டு, அதற்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு திரிவார். என் வேலைக் காலத்தில் பாதிக்கு மேல் அவருக்குக் கீழேதான் கழிந்தது.

எங்களை அதிகம் அலைக்கழித்தது கன்று வீச்சு நோய். ஒரு பாக்டீரியா செய்கிற வேலை. சினைப் பசு ஏழெட்டு மாதத்தில் கன்றை வீசிவிடும். அதன் பிறகு பார்த்தால் பசு நன்றாகத்தான் இருக்கும், புல் தின்னும், பால் கறக்கும். ஆனால் பாலில் கிருமி இருக்கும். வீசிய கன்றைத் தொட்டவருக்கும், காய்ச்சாத பாலைக் குடித்தவருக்கும் அது தொற்றும். தொற்றினால் விட்டு விட்டுக் காய்ச்சல், இடுப்பு வலி, மூட்டு வலி என்று மாதக்கணக்கில் ஆளை உருக்கிவிடும். பசுவுக்கு வைத்தியம் கிடையாது. நோய் உறுதியானால் மாட்டைப் பட்டியிலிருந்து அகற்றிவிட வேண்டியதுதான். ஆகவே எங்கள் தாளில் நாங்கள் எழுதுகிற ஒரு சொல்லில் ஒரு வீட்டின் பசு இருந்தது.

அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பால் வளையப் பரிசோதனை. சின்னக் குழாயில் பாலை எடுத்து, நீலச் சாயம் ஏற்றிய மருந்துத் துளி ஒன்றைக் கலந்து, முப்பத்தேழு பாகைச் சூட்டில் வெந்நீர்த் தொட்டிக்குள் ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். நோய் இருந்தால் நீலமெல்லாம் மேலே ஏறி ஆடையோடு சேர்ந்து வளையம் கட்டும். இல்லாவிட்டால் பால் முழுதும் நீலமாகவே நிற்கும். பால் சேகரிக்கும் நிலையத்துக் கேன்களைச் சலித்துப் பார்க்க இது அருமையான பரிசோதனை. ஆனால் தனி ஒரு பசுவைப் பற்றிக் கேட்டால் சமயத்தில் பொய் சொல்லும். சீம்பாலாக இருந்தாலும், மடி வீங்கியிருந்தாலும், பால் வற்றும் பருவமாக இருந்தாலும் சும்மா வளையம் கட்டிக் காட்டும்.

மற்றது ரோஸ் பெங்கால் தட்டு. இரத்தத்தைத் தெளிய வைத்து, மேலே நிற்கும் சீரத்தில் ஒரு துளி. ரோசாப்பூ நிற மருந்தில் ஒரு துளி. இரண்டையும் வெள்ளைப் பீங்கான் தட்டில் குச்சியால் கலந்து, நான்கு நிமிடம் தட்டை மெதுவாக ஆட்ட வேண்டும். நோய் இருந்தால் எலுமிச்சம்பழம் பிழிந்த பாலைப் போலத் திரிந்து மணி மணியாக நிற்கும். இல்லாவிட்டால் வழுவழுவென்று ஒரே ரோசா நிறம். பக்கத்திலேயே நோய் உள்ள மாட்டின் சீரம் ஒரு துளியும், இல்லாத மாட்டின் சீரம் ஒரு துளியும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். தனி மாட்டைப் பற்றிக் கேள்வி வந்தால் எங்கள் கூடத்தில் கடைசிச் சொல் தட்டினுடையதுதான்.

நான் தட்டை ஆட்டும் நான்கு நிமிடமும் டொக்டர் யன்னல் பக்கம் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எந்த வட்டம் எந்த மாட்டுடையது என்று அவருக்குத் தெரியக்கூடாது. நேரம் முடிந்ததும் திரும்பி வந்து குனிவார்.

"என்ன கண்டனீர்?"

"இல்லாத மாதிரி இருக்கு டொக்டர்."

"மாதிரி எண்டா என்ன? திரிஞ்சிருக்கோ, இல்லையோ?"

"இல்ல டொக்டர்."

"அதை எழுதும். உம்மட மாதிரியை ஆரும் கேக்கேல்லை."

ஆரம்பத்தில் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். போகப் போக அந்தக் கண்டிப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது. என் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. மற்றவர்கள் பூதக்கண்ணாடி தேடும் திரிவை நான் சும்மா பார்த்துச் சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன், வெட்கமில்லை.

ஒரு வருஷக் கடைசியில் எங்களைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் தட்டு வைக்கும் மேசைக்குப் பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம்தான் கண்ணாடிச் சாமான்களை அவிக்கும் கொதிகலன் இருந்தது. விடிந்ததிலிருந்து அது புகைந்துகொண்டே இருக்கும். அது தொல்லை என்று எத்தனை முறை திட்டியிருக்கிறோம்! புதிய இடத்தில் கொதிகலன் கட்டடத்தின் மறு கோடியில். தரையெல்லாம் பளிங்கு மாதிரி, மேசையெல்லாம் பளபளவென்று எவர்சில்வர். நாங்கள் பூரித்துப் போனோம். தை மாதம், புல்லில் உறைபனி விழுகிற காலம்.

அந்தத் தையில்தான் டிக்கோயாப் பக்கத்துப் பால் நிலையத்தின் ஒரு கேனில் நீல வளையம் கட்டியது. அந்தக் கேனில் ஊற்றுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வந்ததில் ஒரே ஒரு வீட்டுப் பாலில் வளையம் வந்தது. கொழுந்து பறிக்கும் பவளத்தின் பசு. மல்லி என்று பெயர் வைத்திருந்தார்.

இரத்தம் எடுக்க மிருக வைத்தியரோடு நானும் அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குப் போனேன். மல்லி இரண்டு மாதத்துக்கு முன் கன்றை வீசியிருந்தது. ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்திலிருந்து ஓடி வந்து பவளம் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அது பயந்துக்கும் மிஸ், மெதுவா குத்தச் சொல்லுங்க. இந்தப் பாலுதான் எங்களுக்கு எல்லாம். அவரும் இப்ப வேலைக்குப் போறதில்ல."

அவர் என்பது கணவர் சிவலிங்கம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலமானால் காய்ச்சல், விடிந்தால் வேர்வை. கத்தி பிடிக்கக் கையில் பலமில்லை என்றார். வீசிய கன்றை வெறுங்கையால் இழுத்துப் போட்டது அவர்தான் என்று கேட்டதும் எனக்குத் திக்கென்றது. முடிவு வரும்வரை பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம் என்று இருவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை தட்டு போட்டேன். முறைப்படி மருந்தையும் சீரத்தையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தேன். 'அறை வெப்பநிலைக்கு வரவிடவும்' என்று மருந்தோடு வரும் தாளில் எழுதியிருக்கும், அதை எழுத்துப் பிசகாமல் செய்தேன். நான்கு நிமிடம் ஆட்டினேன். நோயுள்ள சீரத்தின் வட்டம் நன்றாகத் திரிந்தது. மல்லியின் வட்டம் வழுவழுவென்று நின்றது.

"என்ன கண்டனீர்?"

"திரியல டொக்டர்."

டொக்டரும் குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்கும் திரியவில்லை. கன்று வீசிய பசு, பால் இன்னும் சீராகியிருக்காது, வளையம் பொய்யாக வந்திருக்கும் என்று முடிவெடுத்தோம். 'நோய் இல்லை' என்று நான் எழுதினேன், அவர் கையொப்பம் வைத்தார். மனதுக்குள் பவளத்துக்காகச் சந்தோஷப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் பவளம் ஆய்வுகூடத்து வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பால் போத்தல். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, டிக்கோயாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மிஸ், ரத்தத்துல ஒன்னுமில்லைன்னு ஒங்க பேப்பர் சொல்லுது. பாலுல நோய் இருக்குன்னு பால் ஸ்டோர்ல இன்னமும் வாங்க மாட்டேங்கிறாங்க. ரெண்டும் ஒங்க பரிசோதனதானே? எது பொய் சொல்லுது? அத மட்டும் எனக்குச் சொல்லுங்க, நான் போயிடுறேன்."

டொக்டர் அறைக்கு வெளியே வந்து அவரை உட்கார வைத்தார்.

"அம்மா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஒரு கிழமை பொறுங்கோ" என்றார்.

அன்றைக்கே அந்தப் பாலைப் போட்டுப் பார்த்தோம். கன்று வீசி மூன்று மாதமாகிறது, மடியில் வீக்கமில்லை, பால் சீராக இருந்தது. ஆனாலும் கரு நீலத்தில் வளையம் கட்டியது. இரண்டு நாளில் மல்லியின் இரத்தமும் புதிதாக வந்து சேர்ந்தது. தட்டு போட்டேன். மறுபடியும் வழுவழுப்புதான்.

அன்று விறைத்துப்போன விரல்களைப் பால் குழாய்கள் நிற்கும் வெந்நீர்த் தொட்டியின் மூடியில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு நின்றேன். தினமும் செய்கிற காரியம்தான். அப்போதுதான் பொறி தட்டியது. பாலுக்கு மட்டும் ஒரு மணி நேரம் வெந்நீர்க் குளியல். இரத்தத்துக்கோ ஐஸ் மாதிரி எவர்சில்வர் மேசை. தாளில் எழுதியிருக்கிற 'அறை' எந்த ஊர் அறை?

சுவரில் வெப்பமானி கூட மாட்டியிருக்கவில்லை. குளிர்பெட்டிக்குள் இருந்ததை எடுத்து மேசையில் வைத்தேன். பன்னிரண்டு பாகையில் நின்றது. டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு தட்டு எடும். ஒரே சீரம், ஒரே மருந்து. ஒண்டு மேசையில. மற்றது தொட்டி மூடியில, கீழ ஒரு துவாயை மடிச்சு வையும். வெப்பமானியையும் பக்கத்தில வையும்."

மூடியில் வைத்த தட்டு இருபத்திரண்டு பாகைக்கு வரும்வரை காத்திருந்தேன். மருந்தையும் சீரத்தையும் கூட அங்கேயே வைத்தேன். இரண்டு தட்டிலும் மல்லியின் துளியை இட்டுக் கலந்தேன். ஒன்றை நான் ஆட்டினேன். மற்றதை டொக்டர் தானே எடுத்து ஆட்டினார். அவர் தட்டை ஆட்டி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இரண்டாவது நிமிடத்தில் அவர் கையிலிருந்த சூடான தட்டில் விளிம்போரமாக மணல் போல ஏதோ தெரிந்தது. நான்காவது நிமிடத்தில் வட்டம் முழுதும் திரிந்துவிட்டது. என் கையிலிருந்த தட்டு அப்போதும் வழுவழுவென்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன கண்டனீர்?" என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

"குளிரில மருந்தும் சீரமும் ஒட்டிக்கொள்ள நேரம் எடுக்கும். நாங்கள் நாலு நிமிசத்தில எழும்பிப் போயிட்டம். ஒப்பிடுற சீரம் கடும் நோய் வந்த மாட்டின்ர, அது குளிரிலும் திரியும். அதாலதான் எங்களுக்குச் சந்தேகம் வரேல்லை."

பழைய கட்டடத்துக் கொதிகலனை நினைத்துக்கொண்டேன். நாங்கள் திட்டித் தீர்த்த அந்தச் சுவர்தான் எங்கள் தட்டுக்கு ஒழுங்கான அறைச் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தது. புதுக் கட்டடத்துக்கு வந்த பிறகு 'இல்லை' என்று எழுதிய சீரங்களையெல்லாம் உறைபெட்டியிலிருந்து எடுத்துத் திரும்பப் பார்த்தோம். இன்னும் இரண்டு மாடுகள் அகப்பட்டன. நல்ல காலம், அந்த இரண்டு வீட்டிலும் ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

"அறிக்கை தபாலில போகட்டும். நீர் நேர போய்ச் சொல்லும்" என்றார் டொக்டர். பிறகு, "பிழை எங்கட எண்டு சொல்லும். காலநிலை, கட்டடம் எண்டு கதை அளக்காதையும்" என்றார்.

லயத்துக்குப் போனேன். பவளம் என்னைக் கண்டதும் சிரித்தார். நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டார் போலும். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். மல்லிக்கு நோய் இருக்கிறது, முதலில் இல்லை என்று எழுதியது எங்கள் பிழை, சிவலிங்கத்தை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் இந்த நோய்க்கு இரத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பவளம் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அதற்குள் எங்கள் முதல் தாள், மடிப்புக் கலையாமல் இருந்தது.

"ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டாரு மிஸ். வீட்டுல மாடு இருக்கா, கன்னு கின்னு வீசுச்சான்னு கேட்டாரு. நான் இந்தப் பேப்பரக் காட்டினேன். மாட்டுக்கு ஒன்னுமில்லைங்க, கவருமெண்டுலயே எழுதிக் குடுத்துட்டாங்கன்னு சொன்னேன். அவரும் படிச்சுப் பாத்துட்டு, அப்ப இது வேற காச்சல்னு எழுதிட்டாரு." உறையை மூடிக்கொண்டே சொன்னார்: "அதுக்கப்புறம்தான் மிஸ், ஒடம்பு தேறட்டும்னு கறந்த சூட்டோட தெனமும் ஒரு கிளாசு அவருக்குக் குடுத்துட்டு வர்றேன்."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். என் வேலைக் காலத்தில் அவ்வளவு வெட்கப்பட்ட நாள் வேறு கிடையாது. ஒரு மனிதனுக்குத் திறக்க இருந்த கதவை நான் எழுதிய ஒரு சொல் சாத்தியிருக்கிறது. பவளம்தான் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் திட்டியிருந்தால்கூட அந்தத் தேத்தண்ணியைக் குடிப்பதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

புதிய அறிக்கையில் 'முதல் முடிவு ஆய்வுகூடத்தின் பிழை' என்று டொக்டர் தன் கையால் எழுதினார். அதன் பிரதியோடு சிவலிங்கத்தை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கூட வந்த பவளம் பிழை எப்படி வந்தது என்று வழியில் கேட்டபோது, தட்டு குளிர்ந்து கிடந்ததைச் சொன்னேன். அங்கே இரத்தம் பார்த்தார்கள், இருந்தது. வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார். அடுத்த கவ்வாத்துக் காலத்தில் அவர் மலைக்கு ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்றுதான் எனக்கு மூச்சு சரியாக வந்தது. மல்லியை லொறியில் ஏற்றிய நாளில் நான் போகவில்லை. போகத் துணிச்சல் வரவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

இப்போது தர்ஷினிக்கு. எலைசா நல்ல பரிசோதனை. எங்கள் தட்டைவிடக் கூர்மை, கண்ணையும் நம்ப வேண்டியதில்லை, மெஷினே நிறத்தை அளந்து எண்ணாகச் சொல்லிவிடும். பால் வளையம் ஊரைச் சலிக்கும், தட்டு மாட்டைக் காட்டும், எலைசா சந்தேகத்தைத் தீர்க்கும். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எரிச்சல்படாதே. அங்கேதான் நாம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. எலைசாவோடு வரும் தாளையும் வாங்கிப் பார்த்தேன். அதிலும் 'அறை வெப்பநிலைக்கு வரவிடவும்' என்றுதான் போட்டிருக்கிறது. அந்தத் தாளை எழுதியவர் தை மாதத்தில் நுவரெலியாவுக்கு வந்தவராக இருக்க மாட்டார். முதலில் ஒரு வெப்பமானியை மாட்டு, பிறகு மெஷினைத் திற.

மல்லி போன பிறகு பவளம் ஆய்வுகூடத்துக்குத் திரும்பவும் ஒருமுறை வந்தார். அப்போது தட்டு வைக்க ஒரு சூட்டுப் பெட்டி செய்து வைத்திருந்தோம். கினிகத்தேனையில் ஒரு கிடாரிக் கன்றை விலை பேசியிருக்கிறாராம், நோய் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். மிருக வைத்தியர் எடுத்துக் கொடுத்த இரத்தக் குழாயைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஐஸ் போட்டுத் தானே கொண்டுவந்திருந்தார். தபாலில் அனுப்பியிருக்கலாமே என்றேன்.

"இல்ல மிஸ், நான் பாக்கணும்" என்றார்.

வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. டொக்டரைப் பார்த்தேன். அவர் ஒரு கோட்டை எடுத்துப் பவளத்திடம் நீட்டினார். இரத்தம் தெளிந்து சீரம் தயாரானதும் தட்டைச் சூட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தேன். துளி விடக் குனிந்தபோது, "இருங்க மிஸ்" என்றார். கிட்டே வந்து, காய்ச்சல்காரர் நெற்றியில் வைப்பது போலப் புறங்கையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் சூடு ஏறட்டும்."

வெப்பமானி சரியாக இருபத்திரண்டு காட்டியது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு, தட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

"இப்பப் போடுங்க."

போட்டேன். பக்கத்தில் நோயுள்ள சீரம், மறுபக்கம் நோயில்லாத சீரம், நடுவில் கிடாரி. நான்கு நிமிடம் ஆட்டினேன். நோயுள்ள வட்டம் திரிந்தது, மற்ற இரண்டும் வழுவழுவென்று நின்றன. வெளிச்சத்தில் சாய்த்து இரண்டு தரம் பார்த்தேன்.

"ஒன்னுமில்ல பவளம். கிடாரிக்கு நோய் இல்ல" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டின் மேல் குனிந்து, திரிந்த வட்டத்தையும் நடு வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது மிஸ்" என்றார்.